விட்டுவைத்த வெள்ளை

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய நீர்வண்ணப் பெட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சென்ற முறை தொலைபேசியில் கேலி செய்தாய். இப்போது அந்தப் பெட்டியில் நீலம் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. இரண்டு மாதமாகக் காலைக் காப்பி முடிந்ததும் உட்கார்ந்து, ஒரே ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். தாமஸ் கிர்ட்டின் என்ற ஆங்கிலேயர் 1800-இல் தீட்டிய ‘செல்சியின் வெள்ளை வீடு’ அது. நீ இருக்கும் லண்டனின் தேம்ஸ் ஆறுதான். மங்கிய வானம், தொலைவில் ஒரு காற்றாலை, கரையோரம் ஒரு சிறிய வெள்ளை வீடு, தண்ணீரில் அதன் பிம்பம். படத்தில் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறர் படத்தைப் பார்த்து வரைவதில் என்ன பெருமை என்று உன் அம்மா கேட்டாள். கிர்ட்டினும், அவர் பிறந்த அதே 1775-இல் பிறந்த டர்னர் என்ற ஓவியரும் கற்றதே இப்படித்தான் என்று அவளுக்குச் சொன்னேன். 1790-களில் மன்றோ என்ற லண்டன் மருத்துவர் இருவரையும் மாலை நேரங்களில் தம் வீட்டுக்கு வரவழைத்து, கோசன்ஸ் என்ற மூத்த ஓவியரின் நிலக்காட்சிகளைப் படியெடுக்கச் சொல்வார். கிர்ட்டின் கோட்டுருவம் வரைய, டர்னர் அதன்மேல் வண்ணம் பூசுவார். ஒரு மாலைக்கு டர்னர் பெற்றது மூன்றரை ஷில்லிங்கும் இரவு உணவும். எனக்குக் கிடைப்பது இரண்டாவது காப்பி மட்டும்தான்.

என்னைப் படாதபாடு படுத்துவது அந்த வீடுதான். அந்த வெள்ளை, பூசிய வண்ணம் அன்று. சுற்றிலும் சாம்பலும் பழுப்பும் பரவ, வண்ணம் படாமல் விட்டுவைத்த தாள். இது தெரிந்தும் முதல் முறை கைதவறி, வானத்துக்குக் கலந்த நீலம் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துப் பார்த்தேன், கறை போகவில்லை. அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசியதும், பழைய சுவரில் ஓட்டைக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிட்டது. “வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்றா?” என்று கேட்டுவிட்டு அம்மா போய்விட்டாள்.

மூன்றாவது தாளில்தான் ஒன்று புரிந்தது. நான் வீட்டையே பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது வீட்டைச் சுற்றியுள்ள மங்கலை. கரையின் நிறம் ஒரு படி கூடினால் வீடு பளிச்சென்று தெரிகிறது; குறைந்தால் காணாமல் போகிறது. தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து, தூரிகை நிறைய வண்ண நீரை எடுத்து மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பாதியிலேயே காய்ந்து விளிம்பு கட்டிவிடுவதால், இப்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாளின் பின்புறத்தையும் நனைத்துக்கொண்டு தொடங்குகிறேன். காயும் முன் மீண்டும் தொட்டால் நீர் பின்னோக்கிப் பரவிக் காலிஃபிளவர் போல் பூத்துவிடும். என் வானத்தில் அப்படி நான்கு பூத்திருக்கின்றன.

நீலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உன் பெட்டியில் இருக்கும் பிரெஞ்சு அல்ட்ராமரின் என்ற நீலம் 1820-களின் பிற்பகுதியில்தான் செயற்கையாக உருவாக்கப்பட்டது. கிர்ட்டினோ 1802-இல், இருபத்தேழே வயதில் இறந்துவிட்டார். அவர் கண்டிராத நீலத்தால் அவர் ஆற்றை நிரப்புவதா என்று தயங்கி, எரிந்த சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து அதன் துடுக்கை அடக்கியிருக்கிறேன்.

மூல ஓவியம் உன் ஊரில், டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளிறும் என்பதால் நீர்வண்ணப் படங்களை எப்போதும் மாட்டிவைக்க மாட்டார்கள். ஆகவே, போகுமுன் விசாரித்துக்கொள். பார்க்க வாய்த்தால் எனக்காக ஒன்று செய். தண்ணீரில் விழும் வீட்டின் பிம்பம் கீழே முடியும் இடத்தில், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, கசிந்து கரைகிறதா என்று உற்றுப் பார்த்து எழுது. அச்சுப்படத்தில் அது தெரியவில்லை. உன் பதில் வரும்வரை நான்காவது தாளில் அந்த இடத்தைத் தொடாமல் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா