பழைய டீசல் ஸ்விஃப்ட் வாங்கும் முன்

அன்புள்ள மணி,

பெரியவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்காக 2015 மாடல் டீசல் ஸ்விஃப்ட் பார்த்திருக்கிறாய். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுவாள் என்றால் பெட்ரோல் வண்டியே போதும் என்பேன். நீ கேட்கமாட்டாய், தெரியும்.

எஞ்சின் நல்ல எஞ்சின். ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட். ஆனால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவும், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் செயினும் ஆயிலை நம்பித்தான் பிழைக்கின்றன. டர்போ தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் முதலில் அடிபடுவது இவை இரண்டும்தான். அதனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியதற்கு பில் கேள். ஆயில் கருப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, டீசலில் அது மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். ஆயில் கேப்பின் உள்பக்கம் கெட்டிக் கசடு படிந்திருந்தால்தான் கவலை.

நீ வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று புரோக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பானெட்டைத் திறந்ததும் எஞ்சின்மேல் கை வை. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடு. செயின் சத்தம் குளிர்ந்த எஞ்சினில்தான் தெளிவாகக் கேட்கும். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடி கடகடத்து அடங்கினால் பரவாயில்லை. தொடர்ந்து கேட்டால் செயினோ, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ போய்க்கொண்டிருக்கிறது. செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதலாம், அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே டர்போவைப் பார்த்துவிடு. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றினால் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் வீல் தெரியும். இரண்டு விரலால் தண்டின் நுனியைப் பிடி. பக்கவாட்டில் இம்மி அளவு ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் தெரியவே கூடாது. சுற்றிவிட்டால் இதழ் உறையில் உரசக்கூடாது. இதழ் ஓரம் தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் டர்போ முடிந்தது. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் பிசுக்கு எல்லா வண்டியிலும் இருக்கும். ஆயில் தேங்கி நின்றால் வாங்காதே. டர்போவின் ஆயில் சீல் முழுவதும் போனால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும்.

எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது ஆயில் கேப்பைத் திற. லேசான ஆவி சரி. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் தார் மாதிரி கருப்பு ஒட்டியிருந்து ‘சக் சக்’ என்று கேட்டால் செம்பு வாஷர் கசிகிறது. அது சின்ன வேலை, விலையில் கழித்துக்கொள்.

பிறகு ஓட்டிப் பார். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போதிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் 2,000 அருகே ஓர் உந்தல் வர வேண்டும். உந்தலும் இல்லாமல் கரும்புகையும் வந்தால் ஹோஸ் கிழிசல், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வில் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு இவற்றில் ஒன்று. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்போது டர்போ சைரன் மாதிரி ஊளையிட்டாலும் வேண்டாம்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கிப் போ. முழு மிதியில், எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தம் ஐடிலில் காட்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏற வேண்டும். பதிவான கோளாறு கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பார். அது இருபது முப்பது கிலோமீட்டர் என்று காட்டினால், உனக்குக் காட்டுவதற்காகவே எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

டர்போ புதிதாக மாற்றியது என்று பெருமையாகச் சொன்னால், பழையது ஏன் போனது, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் ஃபீட் பைப்பையும் மாற்றினீர்களா என்று கேள். அடைத்த பைப்பை அப்படியே விட்டிருந்தால் புதியதும் சீக்கிரம் போகும். பார்த்துவிட்டு வந்து எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்