ஸ்னோபால் டெர்பியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கார் பந்தயக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஃபார்முலா ஒன்னுக்கும் லெ மான் பந்தயத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், அமெரிக்காவின் ஷார்ட் டிராக் ஸ்டாக் கார் பந்தயங்களை, அதாவது சாதாரணக் கார் போன்ற தோற்றமுள்ள பந்தயக் கார்கள் சின்ன ஓடுபாதைகளில் மோதும் பந்தயங்களை, ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டார். ஸ்னோபால் டெர்பிக்குக் கிடைத்தது ஒரே வரி. அமெரிக்காவின் மிகப் பெரிய ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் நட்சத்திரங்கள் சீசன் முடிந்ததும் பொழுதுபோக்காக வந்து ஓட்டிவிட்டுப் போகும் உள்ளூர்ப் பந்தயம் என்று எழுதியிருக்கிறார். அதோடு வந்த பெட்டிச் செய்தியில், சேஸ் எலியட் இந்தப் பந்தயத்தை 2011, 2013, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றதாக இருக்கிறது. பல வருடங்களாக இந்தப் பந்தயத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். இரண்டுமே தவறு.

புளோரிடா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், அலபாமா எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் பென்சகோலா. அங்கே 1953இல் தொடங்கிய ஃபைவ் ஃபிளாக்ஸ் ஸ்பீட்வேயில்தான் டெர்பி நடக்கிறது. ஒரு சுற்று அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர். நாஸ்காரின் புகழ்பெற்ற டேடோனா டிராக்கில் ஒரு சுற்று இரண்டரை மைல். டாம் டாசன் 1968இல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வென்றவர் வேய்ன் நீடெக்கன். பந்தயம் இப்போது டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது. விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற வட மாநிலங்கள் பக்கம் அப்போது குளிரில் டிராக்குகளெல்லாம் மூடிக் கிடக்கும். அதனால் ஆண்டு முழுக்கத் தங்கள் ஊரில் ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தெற்கே வருகிறார்கள். தகுதிச் சுற்றில் முதல் 30 இடங்களுக்குள் வந்தால் நேராகப் பந்தயத்தில் இடம். மற்றவர்கள் 'கடைசி வாய்ப்பு'ப் பந்தயத்தில் மோதிப் பார்க்க வேண்டும். அதிலும் தோற்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மொத்தம் 300 லேப், அதாவது 300 சுற்று. அந்த டிராக்கின் தார் சொரசொரப்பானது, டயரைத் தின்றுவிடும். தொடக்கத்திலேயே முழு வேகத்தில் விரட்டுபவருக்குக் கடைசியில் டயர் மிஞ்சாது.

நட்சத்திரங்கள் வருவது உண்மைதான். 1975இல் டானி அலிசனும் 1976இல் டாரல் வால்ட்ரிப்பும் வென்றார்கள். ஆனால் இந்தப் பந்தயத்தை அதிக முறை வென்றவர் யார்? விஸ்கான்சின்காரர் ரிச் பிக்கிள். 1990, 1991, 1996, 1998, 1999 என்று ஐந்து முறை. நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் அவர் ஒரு பந்தயத்தைக்கூட வென்றதில்லை. 1994இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த டாமி ஜோ கிர்க் வென்றார். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து காருக்கு வந்தவர், டெர்பியை வென்ற முதல் பெண். கட்டுரையில் அவர் பெயரே இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். நாஸ்கார் நட்சத்திரம் கைல் புஷ் 2009இலும் 2017இலும் வென்றிருக்கிறார், சரி. நடுவில் 2012இல் அவரைத் தோற்கடித்தது எரிக் ஜோன்ஸ் என்ற 16 வயதுப் பையன். அடுத்த ஆண்டே நாஸ்கார் டிரக் தொடரில் தன் அணிக்கு ஓட்ட அந்தப் பையனை அழைத்துக்கொண்டார் புஷ். பொழுதுபோக்காக வந்து ஓட்டிவிட்டுப் போகிற இடத்தில் இதெல்லாம் நடக்காது.

இப்போது பெட்டிச் செய்திக்கு வருகிறேன். டெர்பியில் பந்தய முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடி விழுந்ததும் கதை முடிவதில்லை. முன்னணியில் வந்த கார்கள், விதிப்படி கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைக் கூடத்துக்குப் போகும். 'ரூம் ஆஃப் டூம்', அதாவது 'அழிவின் அறை' என்று பெயர் அதற்கு. தலைமைச் சோதகராக இருந்த ரிக்கி புரூக்ஸின் பெயரைச் சொன்னாலே மெக்கானிக்குகள் விதிப்புத்தகத்தை இன்னொரு முறை புரட்டுவார்கள்.

2013இல் முதலில் வந்தவர் சேஸ் எலியட்தான். நாஸ்கார் சாம்பியன் பில் எலியட்டின் மகன், 2011இல் 16 வயதில் இதே பந்தயத்தை வென்றவர், கூட்டத்துக்கு மிகப் பிடித்தவர். சோதனையில் அவர் காரில் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் துண்டு ஒன்று கிடைத்தது. கார் குறைந்தபட்ச எடைக்குக் கீழே போகக் கூடாது என்பதற்காக ஈயக் கட்டிகளைப் பொருத்துவது வழக்கம். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதே எடையைச் சின்ன இடத்தில், தரைக்கு நெருக்கமாக வைத்துவிடலாம். கார் வளைவில் இன்னும் நன்றாகப் பிடித்து நிற்கும். விலையும் மிக அதிகம். சொந்த ஊர் ஷெட்டில் கார் கட்டுபவர்களால் அதில் போட்டி போட முடியாது. விதி அதைத் தடை செய்திருந்தது. எலியட்டின் வெற்றி ரத்தானது, பட்டம் எரிக் ஜோன்ஸுக்குப் போனது.

இரண்டே வருடம் கழித்து, 2015இல், முதலில் வந்த கிறிஸ்டோபர் பெல்லின் கார் அதே கூடத்தில் தேறவில்லை. இரண்டாவதாக வந்த எலியட் வென்றவர் ஆனார். 2019இலும் இதே கதை: ஸ்டீபன் நாஸி முதலில் வந்தார், சோதனைக்குப் பிறகு பட்டம் வெஸ்ட் வர்ஜீனியாவின் டிராவிஸ் பிரேடனுக்குக் கிடைத்தது. ஏழு ஆண்டுகளில் மூன்று முறை!

இதைப் பந்தயத்துக்கு வந்த இழுக்காகப் பார்ப்பவர்கள் உண்டு. ரசிகர்கள் ஒரு வெற்றியைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு வேறொருவரை அறிவிப்பது அநியாயம் என்பது அவர்கள் வாதம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. எலியட்டை மன்னித்து விட்டிருந்தால் அன்று யாரும் பெரிதாகச் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். டிக்கெட் விற்பனைக்கும் அவர் பெயர்தான் லாபம். அப்படியும் பறித்தார்கள். சாம்பியனின் மகனுக்கும் ஒரே அளவுகோல் என்று தெரிவதால்தான், மாதக் கணக்கில் இரவில் கண்விழித்துக் காரைத் தயார் செய்த ஒரு சின்ன அணி ஆயிரம் மைல் தாண்டி பென்சகோலாவுக்கு வருகிறது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் இந்தப் பந்தயத்துக்கு மதிப்பு இருப்பதற்கு, என்னைக் கேட்டால், பரிசுப் பணத்தைவிட அந்தக் கூடம்தான் பெரிய காரணம்.

எனவே பெட்டிச் செய்தியில் எலியட்டின் வெற்றிகளை 2011, 2015 என்று திருத்தி, 2013க்கு எரிக் ஜோன்ஸின் பெயரை வெளியிட வேண்டுகிறேன். 2012ஐயும் சேர்த்தால் அவருக்கும் இரண்டு வெற்றிகள். இடம் இருந்தால் டாமி ஜோ கிர்க்கைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை போடுங்கள். அப்புறம், வரும் டிசம்பரில் டெர்பி முடிவை வெளியிடுவதாக இருந்தால், கொடி விழுந்த கையோடு அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். சோதனைக் கூடத்திலிருந்து அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.