இரவுப் பணிக்குப் போகும் மகளுக்கு

மணப்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகலுக்கு ஆள் பார்த்தாயிற்று. இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் சோறு சாப்பிடுகிறாயா? நான் அழைக்கும்போதெல்லாம் ‘சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன்’ என்று சொல்லி நீ பேச்சை முடித்துக்கொள்கிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

சென்னைப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கியதே 1978-இல்தான். நான் பயிற்சி பெற்ற காலத்திலும் எங்கள் பாடமெல்லாம் கர்ப்பிணி, குழந்தை, தடுப்பூசி என்றுதான் இருந்தது. துணை சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்து, பிள்ளை பிறந்த வீட்டில் சர்க்கரை வாங்கித் தின்று வந்தவள், முதியோர் வார்டில் வேலை பார்க்கிறவளுக்குப் புத்தி சொல்வது பொருத்தமில்லை என்கிறார் அப்பா. அப்பத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது, புண் வந்துவிடக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தவள் யார் என்பது அவருக்கு வசதியாக மறந்துவிட்டது.

அந்தப் பெரியவர் உன்னைக் கன்னத்தில் அடித்ததை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி தொற்றினால் காய்ச்சல் காட்டாமலேகூட முதலில் புத்தி தடுமாறலாம் என்றும், பொழுது சாய்ந்தால் அது அதிகமாகும் என்றும் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கடைசி மாதத்தில் அப்பத்தா என்னைத் திருடி என்று ஏசியது எதனால் இருக்கலாம் என்று இத்தனை வருடம் கழித்து அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் கன்னம் வலிக்காமல் போய்விடுமா? வலித்தது என்று சொல்லியிருக்கலாம்.

உன்னைப் பற்றி அப்பா தெருவில் பேசாத நாளில்லை. டீக்கடையில் யாருக்குப் பிரஷர் ஏறினாலும் ‘என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறார். எனக்கும் பெருமைதான். அதனால்தான், தம்பியிடம் சொன்ன விஷயத்தை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற வருத்தம் கூடுதலாக இருக்கிறது. அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன்.

இடுப்பெலும்பு முறிந்து, நெஞ்சில் சளி கட்டி, உன்னைத் தன் மகளின் பெயர் சொல்லியே கூப்பிட்டு வந்த அந்தப் பாட்டி விடியற்காலையில் போனபோது, தாடையைத் துணியால் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, முகம் துடைத்துவிட்டவள் நீ. மதியத்துக்குள் அதே கட்டிலில் புது விரிப்பும் புது நோயாளியும் வந்துவிட்டதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை என்றான் தம்பி. வீட்டில் ஒருவர் போனால் பதினாறு நாள் அழ இடமுண்டு. வார்டில் அடுத்த ஊசிக்கு நேரமாகிவிடுகிறது. ‘ராத்திரி ஒழுங்காகப் பார்த்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார்’ என்று அவருடைய மகன் சத்தம் போட்டாராமே. அத்தனை நாள் எட்டிப் பார்க்காதவர்களுக்குத்தான் கடைசி நாளில் குரல் உயரும். பாவம், தன்மேல் இருக்கும் கோபத்தை அவர் எங்கே கொண்டுபோய் இறக்குவார்? ஆனால் அதை நீ சுமக்காதே. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்த உடம்பில் சளியை வெளியே தள்ளத் தெம்பில்லை என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் தலைமைச் செவிலியர் நல்லவர் என்று முன்பு சொன்னாய். அவரிடம் மனம்விட்டுப் பேசு. அழுகை வந்தால் அழு. பழகிப் பழகி மரத்துப் போனவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஊசி சுத்தமாகப் போடுவார்கள், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நீ அப்படி ஆகிவிடுவாயோ என்பதைவிட, அப்படி ஆகாமலேயே உள்ளுக்குள் நொந்துபோவாயோ என்பதுதான் எனக்குப் பயம். வேலையை விட்டுவிடத் தோன்றினாலும் என்னிடம் சொல். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிடாமல் மட்டும் பணிக்குப் போகாதே.

புதன்கிழமை இரவு ரயிலில் வருகிறேன். பருப்புப் பொடியும் முறுக்கும் எடுத்து வருகிறேன். வேண்டாம் என்று போன் செய்யாதே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
அம்மா