ரைமிங்கில கை வைக்க முதல்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ படம் பிடிச்சு அனுப்பின ரைமிங் அட்டவணையை, அதுதான் பிளக் எப்ப பொறி விடவேணும் எண்ட கணக்கை, பாத்தன். 3500 ஆர்பிஎம்மில (நிமிசத்துக்கு இஞ்சின் சுத்துற தரம்), 1 பார் பூஸ்டில (ரேர்போ கூட்டுற காத்தமுக்கம்), பிஸ்ரன் உச்சிக்கு வர 20 டிகிரி முந்திப் பொறி விடப் போட்டு வைச்சிருக்கிறாய். கலவையைப் பத்தரை மடங்கு நெருக்கிற 10.5:1 கொம்பிரசனுக்கு அது நல்லாக் கூட, பிள்ளை. திருத்துமட்டும் காரை அமத்தி மிதிக்காதை.

பிஸ்ரன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி அளவில இறங்கேக்கதான் சிலிண்டருக்குள்ள அமுக்கம் உச்சத்துக்கு வரவேணும். ரேர்போ காத்தை நெருக்கி அடைக்க அடைக்கக் கலவை கெதியா எரியும். அதால பொறியைப் பிந்தித்தான் விடவேணும். முந்தி விட்டால் பிஸ்ரன் மேல ஏறேக்கயே அமுக்கம் கூடி, மூலையில எரியாமல் கிடக்கிற கலவை தானாப் பத்தும். அதுதான் நொக். பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னியில மண்ணெண்ணெயில ஓடின பெற்றோல் கார்கள் ஏத்தத்தில கிணுகிணுத்ததும் இதாலதான். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன், அதாவது தானாப் பத்தாமல் தாங்கிற தன்மை, குறைவு.

ஒக்டேன் இலக்கத்திலும் ஏமாறாதை. இஞ்ச 92, 95 எண்டு போடுறது ரொன் கணக்கு. கனடாவில பம்பில இருக்கிறது ரொன், மொன் எண்ட ரெண்டு ஒக்டேன் சோதனையின்ர சராசரி. அங்கத்தைய 91 கிட்டத்தட்ட இஞ்சத்தைய 95.

அட்டவணையைத் தொட முதல், அதில இருக்கிற டிகிரி உண்மையோ எண்டு பார். ஈசியூவில, அதுதான் இஞ்சின் கொம்பியூட்டரில, ரைமிங்கை 10 டிகிரியில பூட்டு. உன்ர இஞ்சினில பிளக்குக்குப் பிளக், பொறிக்கு மின்சாரம் குடுக்கிற தனிக் கொயில். அதால முதலாம் சிலிண்டர் கொயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில ஒரு பழைய பிளக் வயரைப் போட்டு, அதில ரைமிங் லைட்டைக் கொழுவு. அது பொறி விடேக்க மின்னி, கிராங் புலியில (கிராங்கின்ர நுனியில இருக்கிற சில்லு) உள்ள கோட்டைக் காட்டும். கிராங் புலியின்ர றப்பர் வழுகியிருந்தால் அதில இருக்கிற கோடு பொய் சொல்லும். பிளக் ஓட்டைக்குள்ள பிஸ்ரன் ஸ்ரொப்பர் பூட்டி, கிராங்கைக் கையால ரெண்டு பக்கமும் மெல்லச் சுத்து. முட்டுற ரெண்டு இடத்துக்கும் நடுதான் உச்சி. பிறகு 4000 ஆர்பிஎம்முக்கு ஏத்திப் பார். கோடு நகர்ந்தால் ஈசியூவில சென்சர் தாமதக் கணக்குப் பிழை. அதைச் சரிப்படுத்தாமல் மேல போகாதை.

பிளக் ஒரு படி குளிர்ந்ததாப் போடு. என்ஜிகே எண்டால் 7 இருந்த இடத்தில 8. இடைவெளி 0.6 இலிருந்து 0.7 மில்லிமீற்றர். கூட விட்டால் பூஸ்டில பொறி அணைஞ்சு இஞ்சின் குலுக்கும், நீ ரைமிங் பிழையெண்டு நினைப்பாய். முழு மிதியில லம்டா (காத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள கணக்கு, 1 இலும் குறைஞ்சால் எரிபொருள் கூட) 0.80 அளவில நிக்கவேணும். எரிபொருள் சரிவராமல் ரைமிங்கில கை வைக்கிறது வீண்வேலை.

அதுக்குப் பிறகு டைனோவில, அதுதான் காரை நிண்ட இடத்தில ஓட்டி வலு அளக்கிற மெசினில, ஏத்து. 1 பாரில, 3500 இல 8 டிகிரி, 6500 இல 14 எண்டு தொடங்கி, ஒவ்வொரு டிகிரியாக் கூட்டு. ரோர்க் (இஞ்சின் சுழற்றுற விசை) கூடாமல் நிண்டால் கூட்டின டிகிரியைத் திருப்பி எடு. பம்புப் பெற்றோலில, இந்தக் கொம்பிரசனுக்கு, அதுக்கு முதலே நொக் வரும். வந்த இடத்திலிருந்து 2, 3 டிகிரி குறைச்சு விடு. ரோர்க் உச்சமா இருக்கிற ஆர்பிஎம்மிலதான் சிலிண்டர் நல்லா நிரம்புது, அங்கதான் ரைமிங் ஆகக் குறைய இருக்கவேணும். மேல போகப் போக எரியிறதுக்கு நேரம் காணாது, அதால திருப்பிக் கூட்டலாம். எல்லா ஆர்பிஎம்முக்கும் ஒரே இலக்கம் போட்ட அட்டவணையை ஆர் தந்தாலும் வாங்காதை.

பயந்து 2 டிகிரியில விட்டாலும் கேடுதான். பிந்தி எரியிற நெருப்பு சைலன்சர் பக்கம் போய், மனிபோல்டும் ரேர்போவும் பழுக்கச் சிவக்கும்.

நொக் சென்சரின்ர போல்ற்றை 20 நியூட்டன் மீற்றரில இறுக்கு, வொஷர் போடாதை. 86 மில்லிமீற்றர் சிலிண்டர் விட்டத்துக்கு நொக்கை அது 6.7 கிலோஹேர்ட்ஸ் அளவில கேட்கவேணும். செம்புக் குழாயின்ர ஒரு நுனியைத் தட்டையாக்கி புளொக்கில பூட்டி, மற்ற நுனியில றப்பர் ரியூப் மாட்டிக் காதிலயும் கேள். தகரப் பேணிக்குள்ள குறுணிக்கல்லுக் குலுக்கின மாதிரிச் சத்தம் வந்தால் உடனே காலை எடு.

ஒரு முழு மிதிக்குப் பிறகு இஞ்சினை நிப்பாட்டி, ஆறவிட்டுப் பிளக்கைக் கழட்டு. வெள்ளைப் பீங்கானை பூதக்கண்ணாடியால பார். உப்புத்தூள் மாதிரி மினுங்கிற பொட்டுகள் இருந்தால் அது பிஸ்ரன்ர அலுமினியம். ரைமிங் குறைக்காமல் திருப்பி ஸ்ராட் பண்ணாதை. நாலு பிளக்கையும் சிலிண்டர் வரிசையில வைச்சுக் கிட்டப் படம் எடுத்து அனுப்பு, பாத்துச் சொல்லுறன்.

அப்பா