தாத்தாவின் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி

அன்பிய உறவுகளுக்கு வணக்கம்.

94 வயதுவரை நம் எல்லோருக்காகவும் செபமாலை சொன்ன தாத்தாவுக்கு வரும் சனிக்கிழமை மாலை 5.30க்கு, பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்தில் திருப்பலி. போரால் பாதை மூடப்பட்ட வருடங்களைத் தவிர, ஒரு வருடமும் ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவைத் தவறவிடாத மனிதர். எல்லோரும் வர வேண்டும்.

1. 5 மணிக்கே வந்துவிடுங்கள், செபமாலையோடு தொடங்குகிறோம். அவர் பூசைக்குப் பிந்தி வந்ததை நான் பார்த்ததே இல்லை.

2. அப்புறம் வீட்டில் சாப்பாடு. எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கே எழுதுங்கள்.

3. பூமாலை வேண்டாம்.

4. பழைய படங்கள் இருந்தால் அனுப்புங்கள். கலண்டர் தாளில் உறை போட்ட அந்தச் செபப்புத்தகத்தோடு அவர் இருக்கும் படம் யாரிடமாவது உண்டா? பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

5. நடக்க ஏலாதவர்களுக்கு ஆட்டோ ஒழுங்கு செய்கிறோம், முன்கூட்டியே சொல்லுங்கள்.