மிளகு ஏன் வெளிறுகிறது?

அன்புள்ள செல்வம்,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ அனுப்பிய மிளகைப் பார்த்தேன். கறுப்பும் பழுப்பும் சாம்பலும் கலந்து கிடக்கிறது, தண்ணீரில் போட்டால் கால்வாசி மிதக்கிறது. வியாபாரி விலையைக் குறைத்ததில் ஆச்சரியமில்லை.

மிதப்பதெல்லாம் பொக்கு, உள்ளே பருப்பு நிறையாத மணி. பெரும்பாலும் முற்றாமல் பறித்த காய்தான். சரத்தில் ஒன்றிரண்டு மணி ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறிய பிறகே பறி. சில்வர் ஓக் மரத்தில் உயரமாகப் படர்ந்த கொடியில் எல்லாச் சரமும் ஒரே நாளில் முற்றாது. ஏணியை இரண்டு மூன்று முறை சாய்க்கத்தான் வேண்டும். மிதக்கும் மணியை நசுக்கிப் பார், கூடாக இருந்து பொடிந்தால் அது மணியைத் துளைத்து உள்ளே தின்னும் பொள்ளு வண்டின் வேலை.

நிறத்துக்கு வழி வெந்நீர். உதிர்த்த பச்சை மணியை மூங்கில் கூடையோடு கொதிக்கும் தண்ணீரில் ஒரே ஒரு நிமிஷம் முக்கி எடு. மணியைக் கறுக்க வைப்பது தோலிலுள்ள நொதி. சூட்டில் தோலின் செல்கள் உடைவதால் அந்த வேலை சீக்கிரம் நடக்கும். நன்றாக வேகட்டும் என்று கூடுதல் நேரம் விட்டால் நொதியே செயலற்றுப்போய் மணி பழுப்பாகவே நின்றுவிடும். முக்கி எடுத்த மிளகு நல்ல வெயிலில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும், தூசும் போய்விடும்.

சாணம் மெழுகிய களம் வேண்டாம், சுத்தமான தார்ப்பாய் போதும். சாயங்காலம் மூடிவை. பனியில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அந்தச் சாம்பல் நிறம் அதுவாகத்தான் இருக்கும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ரகத்தைப் பொறுத்து பெரும்பாலும் 33 முதல் 37 கிலோ நிற்கும். 40 நின்றால் உடனே மகிழாதே, ஈரம் இருக்கலாம். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் மூட்டை கட்டாதே.

வெள்ளை மிளகுக்கு நன்கு பழுத்ததை மட்டும் சாக்கில் கட்டி ஓடும் நீரில் ஏழெட்டு நாள் ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழுவிக் காயவை. தேங்கிய நீர் என்றால் நாற்றம் ஏறிவிடும். 100 கிலோவுக்கு 25 கிலோதான் தேறும், உன் ஓடையில் நீர் வற்றியிருந்தால் இந்த ஆண்டு விட்டுவிடு.

திப்பிலி கேட்டிருந்தாயே, அதைப் பழுக்கவே விடக்கூடாது. கரும்பச்சையாக இருக்கும்போதே பறித்துக் காயவை.

அன்புடன்,
முருகேசன்