சிறுகோளுக்கு எண் இருக்கிறது: வார்ப்புரு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நம் இணையக் கலைக்களஞ்சியத்தின் நிருவாகிகளுக்கும், வானியல் கட்டுரைகளுக்கு வார்ப்புரு (பல கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சு வடிவம்) எழுதும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சிறுகோள், வால்வெள்ளிக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஒரே தரவுத்தளத்தை எத்தனை விதமாகச் சுட்டுகிறோம் என்று எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஒன்றில் வெறும் இணைய முகவரி. மற்றொன்றில் 'நாசா' என்ற ஒற்றைச் சொல். வேறொன்றில் ஆங்கிலப் பக்கத்திலிருந்து ஒட்டிய வார்ப்புரு, சிவப்பு எழுத்தில் பிழை காட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சிவப்பு எழுத்தாவது நேர்மையானது. பிழையே காட்டாமல் வெற்றுப் பக்கத்துக்கு அழைத்துப் போகும் வார்ப்புருக்கள்தாம் மோசம். அவை கட்டுரையின் தலைப்பையே தேடுசொல்லாக வெளியே அனுப்புகின்றன. ஆங்கிலத்தில் அது வேலை செய்யும். நம் தலைப்போ தமிழில் இருக்கிறது; அதிலும் முதலில் கண்டறியப்பட்ட சிறுகோளை ஒருவர் செரசு என்கிறார், ஒருவர் சீரிஸ் என்கிறார். கிரந்த எழுத்துச் சண்டையை நாம் பேச்சுப் பக்கத்தில் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நடத்தலாம், எனக்கும் அதில் பங்குண்டு. ஜேபிஎல் தரவுத்தளத்துக்கு அது தெரிய வேண்டியதில்லை. அதற்குத் தெரிந்தது எண் 1.

1801 சனவரி 1 அன்று இத்தாலிய வானியலாளர் பியாசி கண்ட அந்தப் பொருளைக் கோள் என்றார்கள், சிறுகோள் என்றார்கள், 2006-இல் குறுங்கோள் ஆக்கினார்கள். எண் அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு புளூட்டோவுக்கும் 134340 என்ற எண் கிடைத்தது. ஆகவே என் முதல் கோரிக்கை: சான்று வார்ப்புருவில் கட்டாயப் புலமாக எண் இருக்கட்டும், பக்கத் தலைப்பை அது தொடவே கூடாது.

வால்வெள்ளிகளில் இது இவ்வளவு எளிதாக முடியாது. ஹாலிக்கு 1பி என்ற வரிசை எண் உண்டு ('பி' என்பது திரும்பத் திரும்ப வரும் வால்வெள்ளியைக் குறிக்கும்). ஹேல்-பாப்புக்கு வரிசை எண்ணே கிடையாது, சி/1995 ஓ1 என்ற குறியீடு மட்டும்தான். ஓமுவாமுவா முதலில் சி/2017 யூ1 என வால்வெள்ளியாகப் பதிவாகி, ஏ/2017 யூ1 என மாறி, கடைசியில் விண்மீன்களிடையே இருந்து வந்ததாக அறியப்பட்ட முதல் பொருளாக 1ஐ ஆனது. எனவே எண் இல்லாதபோது குறியீட்டை ஏற்கும் இரண்டாவது புலம் வேண்டும். இரண்டும் ஒருசேர இருக்கவும் இடம் வேண்டும்: 1977-இல் சிறுகோளாகக் கண்டுபிடிக்கப்பட்ட கைரான் 2060 என்ற எண்ணையும் 95பி என்ற வால்வெள்ளி எண்ணையும் சுமக்கிறது; வில்சன்-ஹாரிங்டன் 4015 ஆகவும் 107பி ஆகவும் இருக்கிறது. சிறுகோளுக்கு ஒன்று, வால்வெள்ளிக்கு ஒன்று என்று நாம் வைத்திருக்கும் இரட்டை வார்ப்புருக்கள் இந்த இடத்தில் உடைகின்றன. ஒன்றே போதும்.

இனி, நான் விட்டுக்கொடுக்க விரும்பாத இடம்: நாள். தரவுத்தளத்தை நாம் அணுகிய நாளை மட்டும் சொல்லவில்லை. சுற்றுப்பாதை எந்த நாளுக்குக் கணிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2004 டிசம்பரில் அப்போபிசு என்ற சிறுகோள் 2029-இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு வரை ஏறியது. புதிய நோக்கீடுகள் சேர்ந்ததும் சில நாட்களிலேயே அது விலகியது. 2021-இல் கிடைத்த ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு, அடுத்த நூறு ஆண்டுகளுக்கேனும் மோதல் அச்சம் இல்லை என்று நாசா அறிவித்தது. மூன்றுமே அந்தந்த நாளில் சரியான கணிப்புகள். நாளை எழுதாமல் முதல் எண்ணை மட்டும் கட்டுரையில் விட்டுவைத்தால் அது பீதி கிளப்பும் செய்தியாகிவிடுகிறது. 2029 ஏப்ரல் 13 அன்று அது நம்மைக் கடந்து போகும்போது பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே மாற்றி, ஏட்டன் வகையிலிருந்து (பூமியினுடையதைவிடச் சிறிய சுற்றுப்பாதை) அப்பல்லோ வகைக்கு (பெரிய சுற்றுப்பாதை) தள்ளப்போகிறது. அன்று நம் தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் விவரப் பட்டியல்) இருக்கும் எல்லாச் சுற்றுப்பாதை எண்களும் பழையவையாகிவிடும்.

ஜேபிஎல் எண்களையும், பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையம் தரும் எண்களையும் ஒரே பெட்டியில் கலப்பதும் இதே குற்றம்தான். ஒரு மூலத்தின் மையவிலக்கத்தை (பாதை எவ்வளவு நீண்டது என்ற அளவு) 1-இலிருந்து கழித்து, மற்ற மூலத்தின் அரைப்பேரச்சால் (நீள்வட்டத்தின் நெடிய அச்சில் பாதி) பெருக்கிப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் சூரிய அண்மைத் தொலைவோடு அது கடைசி இலக்கங்களில் ஒத்துவராது. ஒரு பெட்டிக்கு ஒரு மூலம், ஒரு கணிப்பு நாள்.

பொதுத் தரவுக் கிடங்கிலிருந்து எல்லாவற்றையும் தானாக இழுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எண்ணையும் குறியீட்டையும் தாராளமாக இழுக்கலாம். அளவீடுகளை இழுத்தால் மதிப்பு சத்தமில்லாமல் மாறும், அடிக்குறிப்பில் நாம் எழுதிய நாளோ பழையதாகவே நிற்கும். அது எனக்கு உடன்பாடில்லை.

புதியவர்கள் மிரள்வார்கள் என்பது நியாயமான கவலை. அவர்கள் எண்ணையும் நாளையும் மட்டும் இடட்டும். முகவரியை வார்ப்புருவே கட்டிக்கொள்ளும். 2021-இல் ஜேபிஎல் தன் தேடல் பக்கத்தின் முகவரி அமைப்பை மாற்றியதை நினைவில் வையுங்கள்: வார்ப்புருவாக இருந்தால் ஒரு வரித் திருத்தம், வெற்று முகவரியாக இருந்தால் கட்டுரைக்குக் கட்டுரை ஓட்டம்.

கைரான் பக்கத்துக்கான மாதிரியை என் மணல்தொட்டியில் (சோதனைப் பக்கத்தில்) எழுதி வைத்திருக்கிறேன். பல கட்டுரைகளை ஒருசேரத் திருத்தும் தானியங்கி நிரலை இயக்கும் உரிமை எனக்கு இல்லை. உள்ளவர் ஒருவர் முதலில் இருபது கட்டுரைகளில் மட்டும் ஓட்டிப் பார்க்க முன்வந்தால், முடிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்ப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டும் ஒரு பயனர்